நிலைகொள்ளாக் கவனம்: ஒரு குறைபாடு பெயர் பெற்ற வரலாறு

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கொள்ளை நோய்களையே எழுதியிருக்கின்றனர். காலராவும் பெரியம்மையும் பிளேக்கும் ஊர் ஊராக அழித்துச் சென்றமையால் அவற்றுக்கு விரிவான வரலாறுகள் உண்டு. ஊரைத் தொடாமல், ஒரு மனிதரின் மேசையிலும் வரவு செலவிலும் உத்தியோகத்திலும் மட்டும் சேதம் விளைக்கும் குறைபாடுகளுக்கு வரலாறு எழுதுவோர் மிகச் சிலரே. அத்தகைய குறைபாடு ஒன்றைப் பற்றி இங்கே நாம் சிறிது சிந்திப்போம். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று அதனைத் தமிழில் வழங்குகிறோம். மருத்துவமனைகளில் ஏ.டி.எச்.டி. என்ற எழுத்துக்களே வழங்குகின்றன. குழந்தைப் பருவத்துக்கே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்ட இக்குறைபாடு வளர்ந்தோரிடமும் உண்டு என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

வளர்ந்தோரிடம் இது எவ்வாறு தோன்றுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். அறிவில் குறைவில்லாத ஒருவர், பேச்சில் வல்லவர், நண்பர்க்கு இனியவர். ஆயினும் தொடங்கிய வேலை முடிவதில்லை. மின்சாரக் கட்டணத்துக்குப் பணம் கையில் இருந்தும், கெடு நாள் கடந்த பின்னரே அதன் நினைவு வருகிறது. சாவியையும் கண்ணாடியையும் தேடுவதிலேயே காலைப்பொழுது கழிகிறது. பிறர் பேசி முடிக்கு முன் விடை வாயிலிருந்து வந்துவிடுகிறது. விருப்பமான வேலையில் அமர்ந்தாலோ, உணவும் உறக்கமும் மறந்து நள்ளிரவு வரை அதிலேயே மூழ்கிவிடுகிறார். இதனைக் கண்ட சுற்றத்தார், மனம் வைத்தால் முடியும், மனம் வைப்பதில்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நாளடைவில் அவரும் அத்தீர்ப்பை நம்பத் தொடங்குகிறார். சோம்பேறி, பொறுப்பற்றவர் என்ற பட்டங்களைத் தாங்கியே முப்பதும் நாற்பதும் கடந்துவிடுகின்றன. இந்தத் தீர்ப்பு சரிதானா என்று மருத்துவ உலகம் கேட்டறிந்த வரலாற்றையே இனிக் காணப்போகிறோம்.

1775-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த மெல்கியார் ஆடம் வைக்கார்டு என்ற மருத்துவர் ஆசிரியர் பெயரின்றி ஒரு நூல் வெளியிட்டார். கவனம் நிலைக்காத மனிதரைப் பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. ஒவ்வொரு சிறு ஓசையும் அவர்களை ஈர்த்துவிடும் என்றும், எதனையும் மேலெழுந்தவாரியாகவே அறிவர் என்றும் அவர் வருணித்தார். இருட்டறையில் தனித்திருத்தல், குளிர்ந்த நீரில் குளித்தல், குதிரையேற்றம், உடற்பயிற்சி ஆகியவை அவர் கூறிய பரிகாரங்கள். இன்று இவை நமக்கு நகைப்பை விளைக்கலாம். எனினும், இதனை ஒழுக்கக் கேடு என்று தள்ளிவிடாமல் மருத்துவர் கவனிக்க வேண்டிய நிலை என்று கண்டதே அக்காலத்தில் பெரிய செய்தியாகும்.

1798-இல் ஸ்காட்லாந்து நாட்டு அலெக்சாண்டர் கிரைட்டன் மனக்கோளாறுகளைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலில் கவனத்துக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். எந்தப் பொருளிலும் மனம் நிலைக்காத இயல்பு பிறவியிலேயே அமையக்கூடும் என்றும், அத்தகைய குழந்தைக்குப் பள்ளிப்படிப்பு பெருந்துன்பமாகும் என்றும் அவர் எழுதினார். நாய் குரைப்பதும் கதவு அறைபடுவதும் கூடச் சிலரை நிலைகுலையச் செய்வதை அவர் கவனித்திருந்தார். வைக்கார்டு ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீனின் அவையிலும், கிரைட்டன் பிற்காலத்தில் முதலாம் அலெக்சாண்டர் மன்னரிடத்திலும் மருத்துவராக இருந்தனர் என்பது வியப்பான ஒற்றுமை. ஆனால் கிரைட்டன் கூறிய ஒரு கருத்தை நாம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற இக்குறை பெரும்பாலும் குறைந்துவிடும் என்றார் அவர். இந்த ஒரு கருத்து அடுத்த இரு நூற்றாண்டுகள் மருத்துவர் மனத்தில் ஊன்றி நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குறைபாடு மருத்துவ நூலை விட்டுக் குழந்தைகளின் படப்புத்தகத்தில் குடிபுகுந்தது. பிராங்க்பர்ட்டு நகர மருத்துவர் ஹைன்றிக் ஹாப்மன் தம் மகனுக்காக 1844-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு நூல் வரைந்தார். அடுத்த ஆண்டு அது அச்சேறியது. உணவு மேசையில் ஆடி ஆடித் துணியோடு உணவனைத்தையும் கீழே சாய்த்துவிடும் பிலிப் என்னும் சிறுவனும், வானத்தையே பார்த்து நடந்து ஆற்றில் விழும் ஹான்ஸ் என்னும் சிறுவனும் அந்நூலின் வரிசையில் இடம்பெற்றனர். ஒருவனிடம் மிகையியக்கமும் மற்றவனிடம் கவனச்சிதறலும் இருப்பதை இன்றைய மருத்துவர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. அவர்கள் குறும்புக்குத் தண்டனை பெற்ற பிள்ளைகள் என்றே அன்றைய வாசகர் கொண்டனர்.

1902-இல் லண்டன் அரச மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவு குறையாத, நல்ல குடும்பத்தில் வளர்ந்த சில குழந்தைகள் தம்மை அடக்கிக்கொள்ள இயலாமல் தவிப்பதை அவர் எடுத்துரைத்தார். தண்டனை அவர்களைத் திருத்தவில்லை என்பதையும் கூறினார். அவர் இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை என்பது. பெயரில் நீதிபதியின் குரல் கேட்கிறது. ஆனால் வருணனையில் மருத்துவரின் கண் தெரிகிறது.

அடுத்து வந்தது ஒரு கொள்ளை நோய். 1917-ஆம் ஆண்டு வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ விவரித்த உறக்க மூளைக் காய்ச்சல், ஏறத்தாழப் பத்தாண்டுகள் உலகெங்கும் பரவியது. அதிலிருந்து பிழைத்த குழந்தைகள் பலர் அமைதியிழந்து, கட்டுக்கடங்காதவராகவும் கவனம் நிலைக்காதவராகவும் மாறினர். மூளையில் ஏற்பட்ட கேடு நடத்தையை மாற்றக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் ஒரு தவறும் பின்தொடர்ந்தது. இத்தகைய நடத்தையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் மூளையில் சிறு காயம் இருந்தே தீரும் என்று கருதிப் பல ஆண்டுகள் தேடினர். காயம் அகப்படவில்லை. எனவே மூளைச் சிறுசேதம் என்ற பெயர், மூளைச் சிறுகோளாறு என்று மாறியது.

இவ்விடத்தில் இரு பெயர்களை நாம் நினைவுகூர வேண்டும். பெர்லின் நகரில் பிரான்ஸ் கிராமரும் ஹான்ஸ் போல்நாவும் 1932-இல் குழந்தைகளின் மிகையியக்க நோயைப் பற்றித் தெளிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். இன்றைய வருணனைக்கு மிக நெருங்கியது அது. யூத இனத்தவரான அவர்களை ஹிட்லர் ஆட்சி விரட்டியது. கிராமர் ஹாலந்துக்குச் சென்றார். பிரான்சு நாட்டில் அடைக்கலம் புகுந்த போல்நா பிடிபட்டு, 1943-இல் மௌட்ஹவுசன் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

சிகிச்சை வந்த வழி எதிர்பாராதது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், மூளைக் காய்ச்சலால் வாழ்நாள் முழுதும் உடல்நலம் இழந்த தம் மகள் எம்மாவின் பெயரால் பெற்றோர் எழுதிவைத்த செல்வத்தைக் கொண்டு 1931-இல் குழந்தைகளுக்கென ஒரு மருத்துவ இல்லம் திறக்கப்பட்டது. அங்கே டாக்டர் சார்லஸ் பிராட்லி பணியாற்றினார். மூளையை எக்ஸ்ரே எடுப்பதற்காக முதுகுத் தண்டின் நீரை வடித்தபின் குழந்தைகளுக்குக் கடுந்தலைவலி உண்டாயிற்று. அதனைப் போக்கப் பென்சிட்ரின் என்னும் கிளர்ச்சி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதும் நீங்கவில்லை. ஆனால் ஆசிரியர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டனர். 1937-இல் பிராட்லி வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்துண்ட 30 குழந்தைகளில் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். குழந்தைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயரிட்டனர். கிளர்ச்சியூட்டும் மருந்து அமைதியைத் தருவானேன் என்பது அன்று புதிராக இருந்தது. பல ஆண்டுகள் அக்கட்டுரையைப் பெரிதும் கருதுவாரில்லை.

1944-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், சிபா என்ற நிறுவனத்தில் பணிபுரிந்த லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலார் மெத்தில்பெனிடேட் என்னும் பொருளை உருவாக்கினார். அவருடைய மனைவி மார்கரீட், ரீட்டா என்று அழைக்கப்பட்டவர், டென்னிஸ் ஆட்டத்துக்கு முன் அதனை உண்டதாகக் கூறுவர். அவர் பெயரை ஒட்டியே ரிட்டலின் என்ற வணிகப் பெயர் அமைந்தது. 1954-இல் விற்பனைக்கு வந்த அம்மருந்து முதலில் சோர்வுக்கும் மனவாட்டத்துக்கும் தரப்பட்டது. பின்னரே மிகையியக்கக் குழந்தைகளுக்கு உரியதாயிற்று. நரம்பணுக்களிடையே டோபமின், நாரட்ரினலின் என்னும் இரு வேதிப்பொருள்கள் விரைவில் திரும்ப உறிஞ்சப்படுவதை இம்மருந்து தடுக்கிறது என்பதை இன்று அறிவோம். அதனால் கவனத்தைக் கட்டியாளும் மூளைப்பகுதிகள் தம் வேலையைச் செவ்வனே செய்ய முடிகிறது.

இத்தனைக்குப் பின்னும் இது குழந்தை நோயாகவே நின்றது. 1968-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்ப் பட்டியலின் இரண்டாம் பதிப்பு, குழந்தைப் பருவ மிகையியக்க எதிர்வினை என்று இதற்குப் பெயரிட்டு, விடலைப் பருவத்தில் இது பொதுவாகத் தணியும் என்று எழுதியது. கிரைட்டனின் பழைய கருத்து அங்கும் ஒலித்தது. அது உண்மையா என்று ஆராய வேண்டுமானால் அக்குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். கனடாவின் மான்ட்ரீல் நகரில் கேப்ரியல் வைஸ், லிலி ஹெக்ட்மன் என்ற பெண் மருத்துவர் இருவர் அதனைச் செய்தனர். வளர்ந்து ஆளான பின்னும் பாதிக்கு மேற்பட்டோரிடம் குறைபாட்டின் அடையாளங்கள் தங்கியிருந்தன. ஓடியாடும் வேகம் அடங்கியிருந்தது. உள்ளே இருந்த அமைதியின்மையும் மறதியும் அடங்கவில்லை.

1976-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் வெண்டரும் அவருடன் பணிபுரிந்தோரும் 15 வளர்ந்தோரை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அவர்களுட் பலர் மருந்தினால் பயனடைந்தனர். வளர்ந்தோரைச் சோதிப்பதற்குக் குழந்தைப் பருவத்தைப் பற்றிய வினாக்கள் தேவை என்பதை வெண்டர் உணர்ந்திருந்தார். அவ்வகையில் அவர் அமைத்த வினாப்பட்டியல் 1993-இல் வெளிவந்தது. 1980-இல் அமெரிக்கப் பட்டியலின் மூன்றாம் பதிப்பு, மிகையியக்கத்தைவிடக் கவனக்குறைவே அடிப்படை என்று கொண்டு பெயரை மாற்றியது. எஞ்சி நிற்கும் வகை என்று வளர்ந்தோருக்கும் ஓர் ஓரத்தில் இடம் தந்தது. 1987-இல் இன்றைய பெயர் வந்தது. 1990-இல் ஆலன் சாமெட்கின் குழுவினர், மிகையியக்கக் குழந்தைகளைப் பெற்று, தாமும் சிறுவயதில் அவ்வாறே இருந்த 25 வளர்ந்தோரின் மூளையைப் படமெடுத்தனர். மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் அளவு மற்றவரைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருந்தது. பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பு இதனால் பேசப்படலாயிற்று. மரபுவழி இக்குறைபாட்டில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்தன. இன்றும், பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தந்தையோ தாயோ, அங்கே கேட்கப்படும் வினாக்கள் தம்மையே குறிப்பதை உணர்ந்து திகைப்பதுண்டு.

2002-இல் அட்டாமாக்சிடின் என்ற மருந்து அமெரிக்காவில் குழந்தைகளுக்கும் வளர்ந்தோருக்கும் சேர்த்து ஒப்புதல் பெற்றது. வளர்ந்தோருக்கென வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்ட முதல் மருந்து அதுவே. 2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் 18 வினாக்கள் கொண்ட பட்டியல் வெளிவந்தது. 2008-இல் பிரிட்டிஷ் நாட்டு மருத்துவ வழிகாட்டி வளர்ந்தோர் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. 2013-இல் அமெரிக்கப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பு, 17 வயது நிரம்பியோர்க்கு ஒன்பது அடையாளங்களில் ஐந்து போதும் என்றும், அவை 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்றும் விதித்தது. 2021-இல் வெளிவந்த உலக வல்லுநர் அறிக்கை, வளர்ந்தோரில் நூற்றுக்கு 2.5 பேரிடம் இக்குறைபாடு உள்ளதெனக் கணித்தது.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டா. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்த அறிஞர்கள் 2015-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். 38 வயதில் இக்குறைபாடு உடையோராகக் காணப்பட்டவருள் மிகப் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் அவ்வாறு கணிக்கப்படாதவர். அப்படியானால் வளர்ந்தோரின் குறைபாடு வேறொன்றா? அன்றி, கூர்மையான அறிவும் குடும்பத்தின் துணையும் சிறுவயதில் அதனை மறைத்துவிட்டனவா? உறக்கமின்மை, கவலை, போதைப்பொருள் போன்றவை அதே கோலத்தில் தோன்றியிருக்கக்கூடுமா? அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வாதம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஊரில் இருந்தவரை அம்மா எழுப்பினார், அப்பா கட்டணம் செலுத்தினார், பாட்டி நினைவூட்டினார், பள்ளி மணி நாளைப் பகுத்துக் கொடுத்தது. படிப்பை முடித்துத் தில்லிக்கோ புனேக்கோ சூரத்துக்கோ வந்து, வாடகை அறையில் தனித்து வாழத் தொடங்கியபோது அந்தச் சாரங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. அதுவரை புலப்படாத குறை அப்பொழுதே புலப்படுகிறது. புது ஊர், புது மொழி, தனிமை ஆகியவற்றால் வரும் மனச்சோர்வும் கவனத்தைச் சிதறடிக்கும். எது எதனால் நேர்ந்தது என்று பிரித்தறிவது எளிதன்று. அதற்குத்தான் முறையான மதிப்பீடு வேண்டியிருக்கிறது.

அம்மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது? இக்குறைபாட்டைக் காட்டும் இரத்தச் சோதனை எதுவும் இல்லை. மூளைப் படத்தைக் கொண்டும் ஒருவர்க்கு இது உண்டென்று கூற இயலாது. மனநல மருத்துவர் நெடுநேரம் கேட்டறிவதே மதிப்பீட்டின் உயிர்நிலை. அடையாளங்கள் ஆறு திங்களேனும் நீடித்திருக்க வேண்டும். வீடு, அலுவலகம் எனக் குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும். வாழ்க்கையை உண்மையாகவே பாதித்திருக்க வேண்டும். தைராய்டு கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடை, பதற்றம், மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவை காரணமல்ல என்பதையும் பார்க்க வேண்டும். வினாப்பட்டியலில் அதிக எண் பெறுவது மருத்துவரை நாடுவதற்குக் காரணமாகுமேயன்றி, அதுவே முடிவாகாது.

குழந்தைப் பருவத்தைப் பற்றிய சான்று இங்கே இன்றியமையாதது. நம்மவர் இடர்ப்படுவதும் இங்கேதான். அச்சான்று ஆயிரம் மைல் தொலைவில், அன்னையின் நினைவிலும் பழைய தகரப்பெட்டியில் கிடக்கும் பள்ளி முன்னேற்ற அறிக்கையிலும் இருக்கிறது. துறுதுறுப்பு, வால், விளையாட்டுப் பிள்ளை, கைகால் சும்மா இராதவன் என்று நம் வீடுகளில் வழங்கிய சொற்களை இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ மருத்துவர்க்கு விளங்கவைப்பதும் எளிதன்று. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். ஓடியாடாமல் சன்னலோரம் அமர்ந்து கனவு கண்ட சிறுமியை அடக்கமானவள் என்று பாராட்டிவிட்டதால், அவள் பெயர் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. பெண்கள் பலர் காலங்கடந்து கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சையைப் பற்றியும் தெளிவு வேண்டும். மெத்தில்பெனிடேட்டைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எடையும் அவ்வப்போது பார்க்கப்படும். பசி குறைதல், உறக்கம் கெடுதல் ஆகியவை சிலர்க்கு நேரும். அட்டாமாக்சிடின் முழுப்பயன் தரச் சில வாரங்கள் செல்லும். மருந்து நோயை வேரறுப்பதில்லை; மூக்குக்கண்ணாடி போல, உள்ளபோது உதவுகிறது. நாளைத் திட்டமிடவும், பெரிய வேலையைச் சிறு பகுதிகளாக்கவும், ஒத்திப்போடும் பழக்கத்தை வெல்லவும் கற்பிக்கும் உளவியல் பயிற்சிக்கும் பயன் உண்டு. ஸ்டீவன் சாப்ரன் குழுவினர், மருந்து உண்டும் குறை தீராத 86 வளர்ந்தோரிடம் இதனைச் சோதித்து 2010-இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்றோர் மற்றவரைவிட மேம்பட்டிருந்தனர். மெத்தில்பெனிடேட் 1971-ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கைக்கும் நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்கும் உட்பட்ட பொருள். மருத்துவர் சீட்டின்றி அதனைப் பெறுவதும், நண்பரிடம் வாங்கி உண்பதும் குற்றமும் ஆபத்துமாகும். எல்லா மருந்துக் கடைகளிலும் அது கிடைப்பதில்லை. ஊர் மாறுவோர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நன்று.

உதவி பெறும் வழிகளும் நம் நாட்டில் வளர்ந்துள்ளன. பெங்களூரில் 1954-இல் அமைந்த அகில இந்திய மனநல நிலையம் 1974-இல் நிம்ஹான்ஸ் ஆயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சையைப் பெறுவதை உரிமையாக்கியது. உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும் என்றும் விதித்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்படப் பல மொழிகளில் அது இயங்குகிறது. நோயைத் தொலைபேசியில் உறுதிப்படுத்த இயலாதெனினும், எங்கே செல்வது என்பதைத் தாய்மொழியில் கேட்டறிவது பெரிய உதவியே.

நாற்பது வயதில் இக்குறைபாடு கண்டறியப்பட்டோர் பலர் முதலில் நிம்மதியும் பின்னர்த் துயரமும் அடைவதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். காரணம் தெரிந்ததில் நிம்மதி. முன்பே தெரிந்திருந்தால் இழந்தவற்றை இழந்திருக்க வேண்டா என்பதில் துயரம். இரண்டும் இயல்பானவையே. இழந்தவற்றுள் சில மீளாதவை. ஆயின் எஞ்சிய ஆண்டுகளைச் செம்மைப்படுத்திக்கொள்ள இடமுண்டு. பொங்கலுக்கோ கோடைவிடுமுறைக்கோ ஊருக்குச் செல்லும் நம்மவர், ஐயம் இருப்பின், அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து பழைய அறிக்கைகளை எடுத்துவரட்டும். வகுப்பாசிரியர் ஓரத்தில் எழுதிய ஒரு வரி கூட மருத்துவர்க்குப் பயன்படும். தாம் சிறுவயதில் எப்படி இருந்தோம் என்பதை அன்னையிடம் அமர்ந்து கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்வதும் நலம்.